பானையில் ஊதியவன்

‘புளிப்பானைச் சங்கம்’ – பதினோராவது அத்தியாயம்

விடிந்ததும் விடியாததுமாக அமோதிங் புருஷனைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், குறுக்கே ஓடிய சேவலையும் திட்டினாள். சேவல் மட்டும்தான் திருப்பிக் கத்தியது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. போன வாரம் மோட்டார் சைக்கிள்காரன் கொண்டுவந்து போட்ட செய்தி அப்படி. “சனிக்கிழமை ஒகுருத் பெரியவர் வர்றாரு. மகளையும் கூட்டிக்கிட்டு வர்றாராம். உக்காந்து பேசணுமாம்.” அவ்வளவுதான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவன் குமி ஊர்ப் பக்கம் பறந்துவிட்டான். இங்கே அமோதிங்கின் தம்பி ஒலுகா, இழைத்துக்கொண்டிருந்த பலகையின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

மகள் என்றால் அகுதி. ஒலுகாவின் பெண்டாட்டி. உழவு நேரத்தில் உழவு மாட்டையே விற்றுக் குடித்தவனோடு இனி ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று அப்பன் வீட்டுக்குப் போனவள். அவள் போன பிறகுதான் ஒலுகாவுக்குப் புத்தி வந்தது. அக்கா வீட்டு வாசலில் வந்து, “எனக்கும் ஒரு குழல் போடு அக்கா” என்று நின்றான்.

கதையை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தேசோ சீமையில் குடி என்பது மூலையில் தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை. நடுவில் ஒரு பானை. அதில் கேழ்வரகைப் புளிக்கவைத்த அஜோன், அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். சுற்றிலும் முக்காலி போட்டு ஆட்கள், ஆளுக்கொரு ஆளுயர உறிஞ்சுகுழல். கல்யாணப் பேச்சு அங்கேதான், கருமாதிப் பேச்சு அங்கேதான், ஊர் வம்பு பூராவும் அங்கேதான். குடியை விடுகிறவன் குடியோடு சேர்த்து உட்காருகிற இடத்தையும் விட வேண்டியிருக்கும். எத்தனை பேர் திரும்பிப் போய் விழுந்தது அந்த இடத்துக்காகத்தான்!

அமோதிங் ஒரு காலத்தில் காய்ச்சி விற்றவள். விற்றதைவிட அதிகம் குடித்தவள். விட்ட பிறகு அந்த வெறும் சாயங்காலங்கள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அதனால் பானையை வைத்துக்கொண்டாள், உள்ளே இருந்ததை மாற்றிவிட்டாள். வறுத்த கேழ்வரகு மாவு, புளி, இஞ்சி, கொதிதண்ணீர். அதே முக்காலி, அதே குழல், அதே சட்டதிட்டம். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, ‘புளிப்பானைச் சங்கம்’ என்று பெயரும் வைத்தது. இப்போது அந்தச் சங்கத்தில் உட்கார இடம் போதாமல் ஒலுகா முக்காலி அடித்துக்கொண்டே இருக்கிறான். தச்சன் கை அல்லவா, குடியை விட்டதும் நேராகிவிட்டது.

ஆனால் இன்றைக்கு அந்தக் கைக்குச் சட்டைப் பித்தானே மாட்ட வரவில்லை.

“குடு இப்படி” என்று அமோதிங் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பித்தான் போட்டாள். “இந்த வயசுல உனக்கு நான் சட்டை மாட்டிவிடணும். என் தலையெழுத்து.”

“அக்கா, அவ வர மாட்டேன்னு சொல்லிட்டா?”

“சொல்றவ எதுக்குடா வண்டி ஏறி இவ்ளோ தூரம் வர்றா? அங்கேருந்தே சொல்லியிருப்பாளே.”

“ஒதேகேயும் வர்றானாம்.”

ஒதேகே அகுதியின் அண்ணன். ஒலுகாவின் பெயரைக் கேட்டாலே காறித் துப்புகிற ஆசாமி.

“வரட்டும். வந்து உக்காரட்டும். நீ பாட்டுக்கு முறைப்படி நடந்துக்கோ. இன்னைக்கு வீட்டுக்காரன் நீதான், வீட்டுக்காரன் முதல்ல உறிஞ்சணும். நீ உறிஞ்சாம அவங்க குழலைத் தொட மாட்டாங்க, விஷம் வச்சிருக்கோம்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. நம்ம பானைதானே, தைரியமா உறிஞ்சு. குழலை வலது கையால பிடி. நடுங்கினாலும் வலது கைதான். பானைக்குள்ள எட்டிப் பாக்காதே. அப்புறம்…”

“ஊதக் கூடாது. அது எனக்குத் தெரியாதா அக்கா? நான் என்ன சின்னப் பையனா?”

அதைச் சொல்லும்போது அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. குழலில் ஊதுவது என்பது விருந்தாளியின் சோற்றில் துப்புவது மாதிரி. ஊதிவிட்டால் பானையை அப்படியே கவிழ்க்க வேண்டும், ஊதினவன் அபராதமாகப் புதுப் பானை வைக்க வேண்டும். பால்குடி மறந்த குழந்தைகூட அந்த ஊரில் குழலில் ஊதாது.

அடுப்படி வாசலில் எஜோகு தயங்கித் தயங்கி நின்றான். அமோதிங்கின் புருஷன். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடித்ததில்லை. டீ மட்டும்தான், அதிலும் சர்க்கரை பாதி டீ பாதி. நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் நல்லது செய்யக் கிளம்பினால்தான் நமக்கு வயிற்றைக் கலக்கும்.

“ஏம்மா, வர்றது பொண்ணு வீட்டுக்காரங்க. அவங்களுக்குப் போய்ப் புளித்தண்ணியா?”

“ஏன், புளித்தண்ணிக்கு என்ன குறைச்சலாம்?”

“ஒதேகே சந்தையில சொல்லிக்கிட்டுத் திரியிறான். ‘ஒலுகா வீட்டுல குழம்பைக் கரைச்சு ஊத்துவாங்க, குடிச்சிட்டு என் தங்கச்சியைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன்’னு.”

“திரியட்டும். நாக்கு வலிச்சா தானா நிறுத்துவான். நீங்க போய்க் கோழியைப் பாருங்க.”

எஜோகு போனான். ஆனால் கோழியைப் பார்க்கப் போகவில்லை. எங்கே போனான் என்பது அமோதிங்குக்குத் தெரிந்திருந்தால் இந்த வாரம் கதையே வேறு.

*

வெயில் ஏறி, மாமரத்து நிழல் சுருங்கி வந்த நேரத்தில் வண்டி வந்தது. முன்னால் ஒகுருத் பெரியவர், கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக. ஓட்டி வந்தவன் ஒதேகே, பளபளவென்று வெள்ளைச் சட்டை. பின்னால் சொந்தக்காரப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் அகுதி.

இளைத்திருந்தாள். ஒலுகாவைப் பார்க்கவில்லை. அவன் நின்ற பக்கத்தைக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்துகொண்டாள். ஒலுகா அவளை மட்டும்தான் பார்த்தான்.

சங்கத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சைக்கிள் ரிப்பேர் எமோருத் தன் ஒரே நல்ல கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, முக்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒதேகே வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான். “என்ன மாப்பிள்ளை, ஆளே மாறிட்டீங்க? சாயங்காலமானா குப்புற விழுந்து கிடப்பீங்க, இப்ப நிமிந்து நிக்கிறீங்க!”

“நிமிந்து நின்னாத்தானே மச்சான், உங்க முகத்தைப் பாத்துப் பேச முடியும்” என்றான் ஒலுகா.

பெண்கள் பாயிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சபாஷ்டா என்று அமோதிங் உள்ளுக்குள் துள்ளினாள். பெரியவர் கைத்தடியால் தரையில் தட்டினார். “உக்காந்து பேசலாம். பானை வரட்டும்.”

அமோதிங் எஜோகுவுக்குக் கண் காட்டினாள். எஜோகு அடுப்படிக்குள் போய், இலை போட்டு மூடிய பானையை மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்து நடுவில் வைத்தான். எமோருத் ஓடிவந்து இலையை எடுத்துவிட்டுக் கொதிதண்ணீரை விளிம்பு வரை ஊற்றினான். நுரை பொங்கியது. குழல்களை வரிசையாகச் செருகினார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றி ஜெபத்தை ஆரம்பித்தார். ஒகுருத் பெரியவர் ஜெபம் என்றால் ஆதியாகமத்தில் தொடங்கி மழை வரை வருவார். அதற்குள் இன்னொரு கெட்டில் தண்ணீர் எடுத்து வந்துவிடலாம் என்று அமோதிங் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு பானை இருந்தது.

இதே உயரம், இதே வயிறு, இதே இலை மூடி. அவளுக்குப் புரியவில்லை. குனிந்து இலையைத் தூக்கினாள். குப்பென்று இஞ்சியும் புளியும் மூக்கில் ஏறியது. அவள் கையால் கரைத்த அவள் பானை.

அப்படியானால் வெளியே போனது எது?

திரும்பினாள். வாசலில் எஜோகு, வெளிறிப் போய் நின்றான்.

“யோவ்! என்னய்யா பண்ணின?”

“கத்தாதே, கத்தாதே. காய்ச்சி விக்கிறாளே, அந்த அபோலோத்துகிட்ட ஒரு பானை அஜோன் வாங்கி வந்தேன். விருந்தாளிங்களுக்கு மட்டும். ஒலுகா நம்ம பானையில முதல் வாய் உறிஞ்சட்டும், அப்புறமா இதை எடுத்து அவங்களுக்குன்னு தனியா வைக்கலாம்னு… நமக்கும் மரியாதை, அவங்களுக்கும் மரியாதை. இடது பக்கம் நம்மது, வலது பக்கம் அவங்களதுன்னுதான் வச்சேன். பின்வாசல் வழியா உள்ள வந்தேனா… இடம் வலம் மாறிடுச்சும்மா.”

“நாத்தம் தெரியலையா உனக்கு?”

“ரெண்டும் புளிப்பாத்தானே இருக்கு!”

குடிக்காத மனுஷன். அவனுக்கு அதுவும் புளிப்பு, இதுவும் புளிப்பு. அமோதிங் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

ஜெபம் முடிந்திருந்தது. ஒலுகா முக்காலியில் முன்னால் நகர்ந்து, வலது கையால் குழலைப் பிடித்திருந்தான். எல்லாக் கண்ணும் அவன்மேல்.

அமோதிங் வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

என்னவென்று கத்துவாள்? “குடிக்காதே” என்றா? வீட்டுக்காரி ஓடிவந்து தன் தம்பியைப் பார்த்துக் குடிக்காதே என்று கத்தினால், சுற்றி உட்கார்ந்திருக்கும் சம்பந்திகள் காதில் அது எப்படி விழும்? விஷம் என்றுதான் விழும். அதற்கப்புறம் அகுதியைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டு குலமும் தலைமுறைக்கும் ஒரு பானையில் உட்காராது.

கத்தாவிட்டால்? ஒரு வாய். ஒரே ஒரு வாய் ஒலுகாவுக்குப் போதும். நேற்றுவரை கட்டியதெல்லாம் இடிந்துபோக அது போதும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் அதே கிணற்றில் விழுந்து எழுந்தவள்.

கையிலிருந்த கெட்டிலைக் கீழே போட்டாள். தடால்! தண்ணீர் சிதறியது, நாய் ஊளையிட்டது, பெண்கள் “ஐயோ காலு காலு” என்று எழுந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவன் மட்டும் பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடி மனசுக்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தான். குனிந்தான். பானையிலிருந்து எழுந்த ஆவி அவன் முகத்தில் அடித்தது.

அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அவன் மூக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்து நரம்பு புடைத்ததை அமோதிங் இங்கிருந்தே பார்த்தாள். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கி அக்காவைத் தேடினான். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம்டா, அதுதான்.

“என்ன மாப்பிள்ளை, யோசனை?” ஒதேகேயின் குரல் இனித்தது. “வீட்டுக்காரரே உறிஞ்சப் பயந்தா நாங்க எப்படிக் குழலைத் தொடுறது? உள்ள என்ன போட்டிருக்கீங்க?”

விஷம் என்கிற வார்த்தையை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. பெரியவர் குழல் பக்கம் நீட்டியிருந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

உறிஞ்சினால் ஒலுகா போச்சு. உறிஞ்சாவிட்டால் அகுதி போச்சு. மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக அமோதிங்குக்குத் தெரியவில்லை.

ஒலுகா குழலை வாயில் வைத்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று அமோதிங் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

புடு புடு புடு புடு!

கண்ணைத் திறந்தாள். ஒலுகாவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. ஊதிக்கொண்டிருந்தான்! அடிவயிற்றிலிருந்து, கண் பிதுங்க, மூச்சு முட்ட ஊதிக்கொண்டிருந்தான். பானை கொதித்துக் குமுறியது. நுரை விளிம்பு தாண்டி வழிந்து, ஒதேகேயின் வெள்ளைச் சட்டையில் பழுப்பாகத் தெறித்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“ஊதுறான்! எங்க அப்பா முன்னாடி பானையில ஊதுறான்!” ஒதேகே முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “பாத்தீங்களாப்பா இவன் கொழுப்பை? எந்திரிங்க. ஏய் அகுதி, ஏறு வண்டியில!”

ஒலுகா குழலை எடுத்தான். பக்கவாட்டில் திரும்பித் துப்பினான். பிறகு பானையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான். கேழ்வரகுச் சக்கையோடு அஜோன் மண்ணில் ஓடி, வெயிலில் ஆவி விட்டது.

“பானை கெட்டுப்போச்சு மாமா” என்றான் பெரியவரிடம். மூச்சு வாங்கியது. “கெடுத்தது நான்தான். அபராதம் கட்டுறேன்.”

இனி வாய் மூடி நிற்க அமோதிங்குக்கு என்ன தலைவிதி? கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் போய் நின்றாள்.

“பெரியவரே, ஒரு நிமிஷம். விஷமும் இல்ல, கொழுப்பும் இல்ல. பானை மாறிப்போச்சு. அது அசல் அஜோன். குனிஞ்சு மோந்து பாருங்க, இன்னும் தரையில இருக்கு. இவன் உறிஞ்சலேன்னா நீங்க விஷம்னு நினைப்பீங்க. உறிஞ்சினா இவன் செத்தான். வேற என்னதான் செய்வான்?”

“நல்லா நடிக்கிறீங்க அக்காவும் தம்பியும்” என்றான் ஒதேகே, சட்டையைத் துடைத்துக்கொண்டே. “குடிகாரன் வீட்டுல அஜோன் எப்படி வந்துச்சாம்? நடந்தே வந்துச்சா?”

எஜோகு முன்னால் வந்தான். “நான்தான் வாங்கி வந்தேன் தம்பி. நீங்கதானே சந்தையில… குழம்பைக் கரைச்சு ஊத்துவாங்கன்னு சொன்னீங்க. எனக்கு மானம் போயிடும்னு தோணிச்சு. இப்ப போயிடுச்சு.”

எமோருத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் ஓடினான்.

பெரியவர் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தரையில் ஓடிய அஜோனையும் ஒலுகாவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் பெண்கள் பாயிலிருந்து குரல் வந்தது.

“அப்பா.”

அகுதி எழுந்து நின்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“அந்த மனுஷன் குழல்ல வாய் வச்சு உறிஞ்சினதைத்தான் நான் கல்யாணமான நாள்லேருந்து பாத்திருக்கேன். அடிமண்டி வரைக்கும் உறிஞ்சுவாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே உறிஞ்சுவாரு. ஊதி இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒலுகாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! ஆள் உயரமே கூடிவிட்டது.

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“சட்டம்னா சட்டம். பானையில ஊதினவன் புதுப் பானை வைக்கணும். அதுல முதல் வாய் அவனேதான் உறிஞ்சணும்.”

“எந்தப் பானை மாமா?” என்று கேட்டான் ஒலுகா.

“உன் வீடு. உன் பானை. நான் வந்தது உன்னைப் பாக்க. அஜோன் என் வீட்டுலேயே தாராளமா இருக்கு.” திரும்பி மகனைப் பார்த்தார். “ஒதேகே, உக்காரு. சட்டை காய்ஞ்சிடும்.”

*

புளிப்பானையைக் கொண்டுவருவதே ஒரு திருவிழா மாதிரி ஆயிற்று. சங்கத்து ஆட்கள் நான் நீ என்று அடித்துக்கொண்டு ஓடினார்கள். எஜோகுவைப் பானைப் பக்கமே விடவில்லை. அந்தக் களேபரத்தில் அமோதிங் தம்பியை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“உள்ள போச்சா?”

“குழல் நுனியில இருந்தது நாக்குல பட்டுச்சு. துப்பிட்டேன்.” உதட்டைப் புறங்கையால் துடைத்தான். “துப்பிட்டேன் அக்கா. ஆனா இன்னும் வேணும்னு கத்துது. தரையில ஓடினதைப் பாத்தப்ப… மண்ணோட அள்ளிக் குடிச்சிடலாமான்னு தோணிச்சு. அவ முன்னாடியே தோணிச்சு.”

“தோணும். எனக்கும் இப்பத் தோணிச்சு. அந்த அபோலோத்து கைப்பக்குவம் அப்படி, பாவி.”

ஒலுகா அவளை வெறித்துப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அவன் கண்ணைத் துடைத்தான்.

“கத்தட்டும் விடு. கத்திக் கத்தி ஓயும். இன்னைக்கு ராத்திரி எமோருத் உன்கூடப் படுப்பான், கத்துச்சுன்னா அவனை எழுப்பு. அவன் விடுற குறட்டையில எந்தக் கத்தலும் உனக்குக் கேக்காது. வா, முகத்தைக் கழுவு.”

புதுப் பானை நடுவில் உட்கார்ந்தது. ஒலுகா வலது கையால் குழலைப் பிடித்து, நிதானமாக உறிஞ்சினான். அடுத்துப் பெரியவர் குழலை வாயில் வைத்தார். உறிஞ்சினார். முகம் நாலாபக்கமும் சுருங்கியது.

“அடேயப்பா! இதைக் குடிச்சா அஜோன் என்ன, மனுஷன் தண்ணியவே விட்டுடுவான்!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஒதேகேகூட உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனால் பெரியவர் குழலை விடவில்லை. இன்னொரு இழுப்பு இழுத்தார். “இஞ்சி தூக்கல். பரவாயில்ல. தொண்டைக்கு நல்லது.”

பிறகு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியது.

“என் மகளை ஒரு குடிகாரன்கிட்ட திருப்பி விடுறதுக்கு நான் வரல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பொய் சொல்லல, மனசுல அதான் இருந்துச்சு. ஆனா நாலு பேர் முன்னாடி மானத்தை விட்டுப் பானையில ஊதுறவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்னு எனக்குத் தெரியும். அகுதியைக் கூப்பிடுங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பானையில குழல் போடட்டும். நான் கண்ணால பாத்துட்டுச் சாப்பிடுறேன்.”

குலவைச் சத்தம் எழும்பியது பாருங்கள், மாமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டன! அமோதிங்கும் சேர்ந்து குலவையிட்டாள், நெஞ்சு வலிக்கிற மாதிரி இட்டாள். பாய்ப் பக்கம் திரும்பினாள். அகுதி அங்கே இல்லை.

“தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு உள்ள போனா” என்றாள் ஒரு பெண்.

அமோதிங் சிரித்த முகத்தோடு அடுப்படிக்குள் ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அகுதியை அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டாள். “என் கண்ணு! நீ வாயைத் திறந்திருக்காட்டி இன்னைக்கு…”

பேச்சு பாதியில் நின்றது.

அகுதியின் மூச்சில் கொய்யா இலை வாசனை. நிறைய மென்றிருக்கிறாள். யாரும் சும்மா கொய்யா இலையை மெல்வதில்லை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அமோதிங்கும் வருஷக்கணக்கில் அதே இலையை மென்று அதே வாசனையை மறைத்தவள்.

கையைத் தளர்த்தாமலே மெதுவாகக் கேட்டாள். “எப்பலேருந்து?”

அகுதி மறுக்கவில்லை. தலையை அவள் தோளில் சாய்த்தாள்.

“அங்க போனதுலேருந்து, அண்ணி. அம்மா காய்ச்சுறாங்க இல்ல, பானைக்குச் சுடுதண்ணி ஊத்துறது நான்தான். சரியா இருக்கான்னு பாக்க ஒரு வாய். ராத்திரி தூக்கம் வரலன்னு ஒரு வாய். அப்புறம் அஜோன் பத்தல. சாராயம். இன்னைக்கு வண்டியில வரும்போதும்… பயமா இருந்துச்சு, அவரு எப்படி இருப்பாரோன்னு.” அவள் தேம்பினாள். “அவரு அங்க ஊதுறாரு. நான் இங்க அந்தப் பானை கவுந்துதேன்னு பாக்குறேன். அவரை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குறை சொன்னேன்? நான் இப்ப வீட்டுக்கு வந்தா அவரைத் திரும்ப இழுத்து விட்டுடுவேன். வரலன்னா அவரு உடைஞ்சு போயிடுவாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி, உங்க கால்ல விழுறேன்.”

“கால்ல எல்லாம் விழாதே. நான் சொல்ல மாட்டேன்.” அமோதிங் அவள் முகத்தைத் தன் சீலைத்துணியால் துடைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். “அது நீ சொல்ல வேண்டியது. இன்னைக்கோ என்னைக்கோ, உனக்கு வாய் வர்றப்ப சொல்லு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்த வீட்டுப் பானையில உனக்கு ஒரு இடம் உண்டு. அவன் பொண்டாட்டிங்கறதுக்காக இல்ல. புரியுதா? என்கூட உக்காருற இடம்.”

வெளியே ஒலுகாவின் குரல் கேட்டது. “அகுதி!” சந்தோஷத்தில் தொண்டை கிழிய ஒரு கூப்பாடு.

அகுதி வெளியே நடந்தாள். அமோதிங் ஒரு அடி பின்னால் நடந்தாள், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில். கூட்டம் வழிவிட்டது. ஒலுகா தான் அடித்த முக்காலிகளிலேயே நல்லதாக ஒன்றைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தன் கையாலேயே ஒரு குழலைப் பானையில் செருகி, அதன் நுனியை அவளை நோக்கி நீட்டினான். குலவை மறுபடி உயர்ந்தது.

அகுதி உட்காரவில்லை. குழலையும் வாங்கவில்லை.

“அப்பா, நீங்களும் கேளுங்க” என்றாள். குரல் எல்லாருக்கும் கேட்டது. “குடியை அவரு விட்டுட்டாரு. நான் பிடிச்சுக்கிட்டேன்.”

குலவை பாதியில் அறுந்தது. ஒதேகே என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அப்பாவைப் பார்த்தான். பெரியவர் கைத்தடியை ஊன்றி, முக்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அமோதிங் அவரைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். ஒலுகாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் குழலை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவன் அதைப் பின்னுக்கு இழுக்கவில்லை.